கஸ்டர்டும் மூத்தவரும்

பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், டயர் கடைக்கும் சாவி போடுகிறவரின் பெட்டிக்கும் நடுவில் ஒரு கஸ்டர்டு கடை உண்டு. கடை என்று நான் எழுதினால் ஆய்வகத்தாருக்குக் கோபம் வரும். அவர்கள் கணக்கில் அது கொஞ்ச காலம் கடையாக இல்லை, தொற்று மையமாக இருந்தது. அந்தக் கஸ்டர்டைத் தின்று தின்று வளர்ந்த வயிறு என்னுடையது. ஆகவே நான் நடுநிலையோடு எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கடையில் இரண்டே பேர். கணவர் கல்லாவில் உட்காருவார், கப் கழுவுவார், பேருந்தைத் தவறவிட்டவர்களுக்கு ஆறுதல் சொல்வார். மனைவி அடுப்படி. பால், முட்டை, சர்க்கரை, அப்புறம் கிளறும் கையை நிறுத்தாத பொறுமை, இவ்வளவுதான் சரக்கு. ஆனாலும் அந்த அம்மாளின் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வரவில்லை. அவருக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள் கணவர் தானே கிளறிப் பார்த்தார். இனிப்பான ஆம்லெட் வந்தது.

ஒரு மாலை, உணவுக் கிருமி ஆய்வகத்தின் சாம்பிள் அதிகாரி கடைக்கு வந்தார். ஒரு கப் வாங்கிச் சாப்பிட்டார். முதல் கப்பைப் பற்றி எழுந்த அபிப்பிராயத்தை உறுதிசெய்துகொள்ள இரண்டாவது கப்பையும் சாப்பிட்டார். மூன்றாவது கப்பை மட்டும் ஒரு பாட்டிலில் கொட்டி, மூடி, பெயர் எழுதி ஒட்டினார். "பரிசோதனைக்கு" என்றார். "தாராளமா எடுத்துட்டுப் போங்க சார்" என்றார் கடைக்காரர். மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் இல்லை என்று அவர் நம்பியிருந்த காலம் அது.

அடுத்த வாரம் ஷட்டரை இறக்கிச் சீல் வைத்தார்கள். கஸ்டர்டில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கிறதாம். ஷட்டரின் மேல் ஒட்டிய அறிவிப்பில் கிருமியின் பெயருக்குக் கீழே, 'வந்த வழி: தயாரிப்பாளரின் கைகள் (அநேகமாக)' என்று அச்சடித்திருந்தது. பேருந்துக்கு நிற்பவர்களுக்குப் படிக்க வேறென்ன இருக்கிறது? ஊரே படித்தது. அந்த 'அநேகமாக' மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

கடை மூடியதைக் கூடக் கடைக்காரர் தாங்கிக்கொண்டிருப்பார். வீட்டில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. மனைவி சமைப்பதை நிறுத்திவிட்டார். துணி துவைக்கிற பிரஷ்ஷை எடுத்து உள்ளங்கையைத் தேய்க்கிறார், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்குகிறார், மறுபடி தேய்க்கிறார். விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. அடுத்த தெருவில் இருக்கும் மகள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறந்த நாளிலிருந்து பாட்டியின் தோளை விட்டு இறங்காத குழந்தை. அது கையை நீட்டியதும் இந்த அம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

"பாப்பாவை வீட்டுக்குக் கொண்டு போம்மா. என் கை சரியில்லன்னு கவர்மெண்டே எழுதி ஒட்டியிருக்கு" என்றார்.

அன்று இரவு கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஆய்வகத்தில் யாராவது ஒருவர் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் கையை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். பொழுது விடிந்ததும் அந்த ஒரு வார்த்தையை வாங்கக் கிளம்பினார்.

ஆய்வகம் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் கால் துடைக்கும் மிதியடி மட்டும் கட்டடத்தை விட வயதானதாகத் தெரிந்தது. உள்ளே பெஞ்சில் ஐஸ் தொழிற்சாலைக்காரர், பன் போடுகிறவர், முட்டை மொத்த வியாபாரி என்று பலபேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் பாசிட்டிவ். கடைக்காரருக்கு அவர்களைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது, பிறகு தெம்பு வந்ததற்கு வெட்கமும் வந்தது.

இயக்குநர் அவரை அன்பாகவே வரவேற்றார். கிருமி கிடைத்தவர்களிடம் அவர் எப்போதும் அன்பாக இருப்பாராம், கிடைக்காதவர்கள்தான் அவருடைய நேரத்தை வீணாக்குகிறவர்கள். முதலில் விரைவு மெஷினைக் காட்டினார். அது அரை மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும். ஆனால் அது சொல்வது சந்தேகம் மட்டும்தான். சந்தேகத்தை உறுதிசெய்ய, கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் தட்டுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், அங்கே ஒரு வாரம் ஆகும். அப்படியானால் மெஷின் எதற்கு என்று கடைக்காரர் கேட்டார்.

"முன்னாடியெல்லாம் ஒருத்தரைச் சந்தேகப்படவே எங்களுக்கு ஒரு வாரம் ஆகும். இப்போ அரை மணி நேரத்துல சந்தேகப்பட்டுடறோம். இது பெரிய முன்னேற்றம் இல்லையா?" என்றார் இயக்குநர்.

பிறகு செய்முறையை விளக்கினார். உணவில் இருக்கும் கிருமி களைத்துப் போயிருக்குமாம். எடுத்த எடுப்பில் விசாரிக்கக் கூடாது. முதலில் ஒரு நாள் இளஞ்சூட்டில் சத்தான சூப் ஊற்றித் தெம்பு ஏற்ற வேண்டும். மறுநாள் வேறொரு சூப். அது மற்றக் கிருமிகளுக்குப் பிடிக்காது, இதற்கு மட்டும் பிடிக்கும். மூன்றாம் நாள் சிவப்பு ஜெல்லி விரித்த கண்ணாடித் தட்டில் குடியேற்ற வேண்டும். குடும்பம் பெருகி, நடுவில் கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதுதான் சால்மொனெல்லா. கடைக்காரர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். வரிசை வரிசையாகக் குடுவைகளில் சூப் ஆவி பறக்காமல் இதமாக இருந்தது. ஊரில் தன் அடுப்பு அணைந்து கிடக்க, இங்கே அழைக்காத விருந்தாளிக்கு மூன்று வேளை பந்தி நடக்கிறதே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

"நீங்க மூத்தவரைப் பார்த்ததில்லையே?" என்று கேட்டார் இயக்குநர்.

மூத்தவர் ஒரு கிருமி. ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வெளிநாட்டிலிருந்து வரும்போது கோட்டின் உள்பையில், நெஞ்சுச் சூட்டில் வைத்துக் கொண்டுவந்த அசல் சால்மொனெல்லா. இன்றைக்கு அவர் தனிக் குளிர்பெட்டியில், வெல்வெட் விரித்த ஒரு சின்னக் குழாயில் குடியிருக்கிறார். அவரை யாரும் 'அது' என்று சொல்வதில்லை. அவருக்கு முன்னால் நின்று யாரும் தும்முவதும் இல்லை. இன்னொரு குழாயில் அவர் பரம்பரையைப் பிரித்து வைக்கலாமே என்று எவரோ ஒருமுறை சொன்னபோது, மூத்தவர் இரண்டு பேரா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்கள்.

"கிருமி இருந்தா தட்டு எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே இல்லாதது எதுன்னு சொல்ல முடியும்? அதுக்குத்தான் தினமும் மூத்தவரையும் ஒரு தட்டுல வளர்க்கிறோம். அவர் வளர்ந்தாத்தான் அன்னைக்கு டெஸ்ட் செல்லும். அவர் வளரலைன்னா யாரோட ரிசல்ட்டும் செல்லாது. இங்க எல்லாமே அவர்தான்" என்றார் இயக்குநர்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டுப் பிரிவில் மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள், கடைக்காரரும் எழுந்து நின்றார். தட்டு மேடம் என்று அழைக்கப்பட்ட அதிகாரி, நுனியில் வளையம் போட்ட மெல்லிய கம்பியை எடுத்தார். வயதில் பெரியவருக்கு முதலிடம் என்பது அங்கே மாறாத வழக்கம். கம்பியை மூத்தவரின் குழாயில் தோய்த்து அவருடைய தட்டில் கோலம் இழுத்தார். பிறகு, ஒட்டியிருக்கும் கிருமியைச் சுட்டெரிக்கிற பர்னரிடம் கம்பியைக் கொண்டுபோய் மூன்று முறை காட்டினார். பிறகு அதே கம்பியை ஐஸ்காரரின் சூப்பில் விட்டார். மறுபடி மூன்று முறை காட்டினார். அடுத்தது பன், அடுத்தது முட்டை, அடுத்தது கஸ்டர்டு.

கடைக்காரர் அடுப்போடு ஆயுசைக் கழித்தவர். தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், அடுப்பு எரியலையே. தீப்பெட்டி வேணுமா? என்கிட்ட இருக்கு."

"காஸ் தீர்ந்து ரொம்ப நாளாச்சு. கேட்டு எழுதியிருக்கோம்" என்றார் தட்டு மேடம், கையை நிறுத்தாமல். "செய்முறையில 'ஒவ்வொரு முறையும் கம்பியை பர்னரில் காட்டி எடுக்கவும்'னு இருக்கு. நாங்க ஒரு முறைகூடக் காட்டாம எடுத்தது கிடையாது."

படித்தவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கடைக்காரர் தீப்பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துக் கஸ்டர்டு மறுபடியும் உறுதியானது. பாசிட்டிவ். அதோடு ஒரு சிறப்புக் குறிப்பும் இருந்தது: கஸ்டர்டில் கிடைத்த கிருமி எல்லா விதத்திலும் மூத்தவரைப் போல அச்சு அசலாக இருக்கிறதாம். இயக்குநர் எழுந்து வந்து கடைக்காரரின் கையைக் குலுக்கினார். அப்பேர்ப்பட்ட வம்சம் ஒரு கஸ்டர்டு கடையில் வந்து தங்கியிருப்பது சாதாரண விஷயமா என்றார். யாருக்காவது வயிற்றுக்குச் சரியில்லாமல் போனதா, ஒரு ஆளாவது படுத்தாரா என்று கடைக்காரர் கேட்டார். நோயாளிகள் மருத்துவமனையின் பொறுப்பு, அதில் ஆய்வகம் தலையிடுவதில்லை என்று பதில் வந்தது.

மறுபரிசோதனைக்குப் புதுக் கஸ்டர்டு கொண்டுவரச் சொன்னார்கள். மனைவி மாட்டேன் என்றார். கடைக்காரர் கெஞ்சிக் கூத்தாடி, ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்த பிறகு அந்த அம்மாள் வீட்டு அடுப்பில் ஒரு கிண்ணம் கிளறினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளறினார். அதுவும் பாசிட்டிவ். 'கையுறையையும் ஊடுருவும் தன்மை' என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பிறகு அந்த அம்மாள் குழந்தை இருக்கும் தெருப்பக்கம் கூடப் போவதில்லை. அடுத்த முறை கடைக்காரரே கிளறி, அந்த இனிப்பு ஆம்லெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பாசிட்டிவ். 'கணவருக்கும் பரவியுள்ளது.'

இதற்கிடையில் பேருந்து நிலையத்தார் ஆள் அனுப்பினார்கள். இந்த மாத முடிவுக்குள் ஷட்டர் திறக்காவிட்டால் அந்த இடத்தில் செல்போன் கவர் விற்பவரை உட்கார வைக்கப் போகிறார்களாம். கடைக்காரர் மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் தேய்க்கிற பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கேட்டிருக்க மாட்டார்.

கடைசியாக ஒரு வாய்ப்புத் தருகிறோம் என்றார்கள். மனைவி மறுபடி கிளறிக் கொடுத்ததை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தார் கடைக்காரர். காலையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார், கொடுத்தார், கையெழுத்துப் போட்டார், திரும்பினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கஸ்டர்டு டப்பா ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. அவர் கொடுத்துவிட்டு வந்தது அதே மாதிரி இன்னொரு டப்பா. அதில் இருந்தது மனைவி கை முக்குகிற பிளீச்சிங் பவுடர் தண்ணீர்.

முதலில் பயந்தார். அதிகாரிகளை ஏமாற்றியதாக வழக்குப் போட்டால் என்ன செய்வது? அசல் கஸ்டர்டைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடிப்போய்ச் சொன்னார். சாம்பிளைப் பதிவு செய்தாகிவிட்டது, பதிவானதை ரிசல்ட் வராமல் தொடக் கூடாது என்று, அசலை அடுத்த சாம்பிளாக வாங்கி வைத்துக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி படுத்தபிறகு இன்னொரு எண்ணம் வந்தது. பிளீச்சில் எந்தக் கிருமி நிற்கும்? அசட்டுத்தனமாகவாவது ஒரு 'இல்லை' கையில் கிடைத்துவிடும். திருட்டு 'இல்லை'தான். ஆனாலும் அதைக் காட்டினால் அவள் பிரஷ்ஷைக் கீழே வைப்பாளே என்று நினைத்தார். நினைத்ததற்காக அவர் பின்னால் வருத்தப்படவும் இல்லை.

பாசிட்டிவ் வந்தது. இதுவரை வந்த தட்டுகளிலேயே கறுப்புப் புள்ளி மிக நெருக்கமாக இருந்தது இதில்தானாம். கம்பியில் அன்றைக்கு மூத்தவர் தாராளமாக ஏறியிருக்க வேண்டும்.

கடைக்காரர் இயக்குநரின் மேஜைக்கு முன்னால் நின்று, அது கஸ்டர்டே இல்லை, வெறும் பிளீச்சிங் பவுடர் தண்ணீர், வாசனை பார்த்தாலே தெரியுமே சார் என்றார். இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார். தட்டு மேடத்தைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள், டப்பாவை முகர்ந்தார்கள், மறுபடி தட்டைப் பார்த்தார்கள். இப்போது உண்மை வெளிவந்துவிடும் என்று கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மை கதவு வரைக்கும் வந்ததாகத்தான் தோன்றுகிறது. உள்ளே வரச்சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. இயக்குநர் பேசினார்:

"பிளீச்சிங் பவுடர்லயே குடும்பம் நடத்தற கிருமியை நாங்க கண்டுபிடிச்சிருக்கோம். உலகத்துல வேற எந்த ஆய்வகமும் இதைக் கண்டுபிடிக்கல. ஏன்னா அவங்க யாரும் பிளீச்சிங் பவுடரை டெஸ்ட் பண்ணிப் பார்த்ததே இல்ல. எங்ககிட்ட வந்த எந்தச் சாம்பிளும் இன்னைக்கு வரைக்கும் கிருமி இல்லாமத் திரும்பிப் போனதில்லைன்னு பெருமையாச் சொல்லிக்கறேன். ஐஸ் தப்பிக்கல, பன் தப்பிக்கல. தண்ணியைக் கொதிக்க வெச்சு அனுப்பினாங்க, அதுவும் தப்பிக்கல. எங்களுக்கு ஒரே ஒரு குறைதான். பர்னருக்கு காஸ் இல்ல."

இந்தப் பேச்சைக் கேட்டு மேலிடம் நெகிழ்ந்துவிட்டது. இப்பேர்ப்பட்ட ஆய்வகத்துக்கு காஸ் இல்லையா என்று உடனே சிலிண்டர் அனுப்பினார்கள். கூடவே வெள்ளையடிக்கவும் உத்தரவு வந்தது.

காஸ் வந்ததை விழாவாகக் கொண்டாடத் தீர்மானித்தார்கள். அதற்காக ஆய்வகம் முழுவதும் கழுவப்பட்டது. பழைய தட்டுகள், பழைய சூப்புகள் எல்லாவற்றையும் பிரஷர் குக்கரின் பெரியப்பா போன்ற ஒரு பாத்திரத்தில் போட்டு அவித்துக் கொட்டினார்கள். கடைக்காரருக்கும் அழைப்பு வந்தது, கிருமியின் சொந்த ஊர்க்காரர் என்ற முறையில் முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். இயக்குநர் பர்னரைப் பற்றவைத்தார். நீலச் சுடர் சீறிக்கொண்டு எழுந்தது. கைதட்டினார்கள்.

முதலில் யாருக்கு என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. மூத்தவரைக் குழாயோடு எடுத்துவந்தார்கள். கம்பிக்கு முன்பு மூத்தவருக்கே மரியாதை என்று இயக்குநர் அவரை பர்னரில் காட்டினார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. புகைப்படக்காரர் ஃபோகஸ் சரியில்லை என்று சொல்லி, அப்படியே கொஞ்சம் பிடிங்க சார் என்றார். இயக்குநர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி பிடித்துக்கொண்டே நின்றார். குழாய்க்குள் குமிழ் வந்தது. "மூத்தவர் சந்தோஷப்படறார்" என்றார். அப்புறம் விரல் சுட்டதும்தான் எடுத்தார்.

அடுத்த வாரம் எல்லாத் தட்டுகளும் வெறும் சிவப்பாக இருந்தன. ஐஸ் இல்லை, பன் இல்லை, முட்டை இல்லை. டப்பா மாறிய அன்றே ஜன்னலோரத்திலிருந்து எடுத்துப்போய்க் கொடுத்திருந்த அசல் கஸ்டர்டிலும் ஒன்றுமில்லை. மூத்தவரின் தட்டிலும் ஒன்றுமில்லை. செய்தி கேட்டுக் கடைக்காரர் செருப்பு மாட்டாமல் ஓடிவந்தார்.

"நெகட்டிவ்தானே சார்?"

"நெகட்டிவ்தான்" என்றார் இயக்குநர். முகம் வெளுத்திருந்தது. "ஆனா செல்லாது. மூத்தவர் வளராத அன்னைக்கு யாருக்கும் எதுவும் இல்லைன்னு சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்ல. நாலு தடவை சூப் குடுத்துப் பார்த்துட்டோம். அவர் திரும்பல."

தட்டு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கிருமி உயிரோடு இருந்தவரை 'இருக்கிறது' என்றார்கள், செத்தபிறகு 'இல்லை' என்று சொல்ல மறுக்கிறார்கள். இதில் தன் மனைவியின் கை எந்தப் பக்கம் நிற்பது?

திடீரென்று இயக்குநர் நிமிர்ந்தார். கடைக்காரரை ஏதோ காணாமல்போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கஸ்டர்டில் கிடைத்தது அச்சு அசல் மூத்தவர்தான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்களே. ஆகவே மூத்தவரின் வம்சம் அற்றுப்போகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஷட்டருக்குள் பத்திரமாக இருக்கிறது.

வேன் வந்தது. எந்தக் கையால் சீல் வைத்தாரோ அதே கையால் சாம்பிள் அதிகாரி சீலை உடைத்தார். அகப்பை, பாத்திரம், முட்டைக் கூடை, அடுப்பின் அடிப்பக்கம், கல்லாவின் கைப்பிடி என்று ஒன்றுவிடாமல் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்தார்கள். அதட்டியவர்கள் எல்லாரும் இப்போது தணிந்த குரலில் பேசினார்கள். கடைசியில் அந்த அம்மாளைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கையைக் காட்டுங்கம்மா, உங்களைத்தான் நம்பியிருக்கோம்" என்றார் இயக்குநர். வெடித்துப்போன உள்ளங்கைகள் முன்னால் வந்தன. தட்டு மேடம் விரல் இடுக்குகளில் பஞ்சை மெல்ல மெல்ல ஓட்டினார். ஆய்வகமே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. தன் கையில் கிருமி இருக்க வேண்டும் என்று இத்தனை பேர் வேண்டிக்கொண்டு நிற்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது. பாவம், அவர் எதையோ ஒப்புக்கொள்கிறவர் மாதிரித் தலையைக் குனிந்திருந்தார்.

ரிசல்ட்டைச் சொல்ல இயக்குநரே நேரில் வந்தார். மாத முடிவு நெருங்கியிருந்தது, செல்போன் கவர்காரர் ஒருமுறை வந்து இடத்தை அளந்துவிட்டும் போயிருந்தார். கணவனும் மனைவியும் திறந்த ஷட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரிசல்ட் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. சாயங்காலப் பேருந்துக்கு நின்ற கூட்டம் வேடிக்கை பார்த்தது. இயக்குநர் வந்து அவர்கள் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தார். குரல் உடைந்துபோயிருந்தது.

"அம்மா, உங்க கையில ஒண்ணுமே இல்லம்மா."

அந்த அம்மாள் தலையைத் தூக்கினார். "என்ன சார் சொன்னீங்க?"

"ஒண்ணுமே இல்ல. எத்தனை சூப் ஊத்தினோம் தெரியுமா? கையில இல்ல, அகப்பையில இல்ல, முட்டைக் கூடையில கூட இல்ல. இத்தனை வருஷமா ஒரு கடை நடத்தறீங்க, ஒரு ஓரத்துல கொஞ்சமாவது வெச்சிருக்க வேண்டாமா? இப்படியா துடைச்ச மாதிரி இருக்கறது?"

கடைக்காரர் எழுந்து நின்று கைகூப்பினார். "சார், இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா. பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

தன் துயரத்தில் ஊரும் பங்கெடுக்க விரும்புகிறது என்று நினைத்து இயக்குநர் பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டார். "இந்த அம்மா கையில கிருமி இல்ல! சுத்தமா இல்ல! நாங்க தேடாத இடம் பாக்கி இல்ல!" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கத்தினார். டயர் கடைக்காரர் ரெஞ்சைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். எனக்கான பேருந்து போய்விட்டது. போனால் போகட்டும் என்று இருந்தது.

பிறகு இயக்குநர் கீழே இறங்கி, இதை எழுத்தில் தர முடியாது, மூத்தவர் இல்லாததால் செல்லாது என்றார். எழுத்தில் வேண்டாம் சார், காதில் விழுந்ததே போதும் என்றார் அந்த அம்மாள். மறுபடி சீல் வைப்பீர்களா என்று கணவர் கேட்டார். சீல் வைக்கப் பாசிட்டிவ் வேண்டும், பாசிட்டிவ் சொல்ல மூத்தவர் வேண்டும், அந்தக் காலம் போய்விட்டது என்று பெருமூச்சு விட்டார் இயக்குநர்.

அந்த அம்மாள் உள்ளே போனார். பாத்திரத்தைக் கழுவினார். கணவரின் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அடுப்பைப் பற்றவைத்தார். கையுறை ஆணியிலேயே தொங்கியது. பால் காய்கிற வாசனை வந்ததும் இயக்குநர் எழுந்து போகாமல் உட்கார்ந்துகொண்டார். ஒரு கப் சாப்பிட்டார். உறுதிசெய்துகொள்ள இன்னொரு கப் சாப்பிட்டார். மூன்றாவது கப்பை ஒரு பாட்டிலில் கொட்டி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நம்பிக்கை யாரை விட்டது?

கூட்டம் கலைந்து எனக்கு ஒரு கப் கிடைக்க நேரமாகிவிட்டது. அதற்குள் அந்த அம்மாள் கிளறுகிற அகப்பையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தில் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பொண்ணுக்கு போன் போடுங்க. பாப்பாவைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

கஸ்டர்டு அடிப்பிடித்துவிடும் என்று கணவர் பயந்தார். பிடித்தால் பிடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் தெருவைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.